நாலு குச்சி ஏன் ஆடுகிறது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், புதுக் கார்களைச் சுமந்து செல்லும் டிரெய்லர்களை எண்ணிக்கொண்டே போகலாம். அடுத்த தடவை மின்கோபுரங்களையும் கிரேன்களின் நீண்ட கையையும் பாருங்கள். இரும்புச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னப்பட்டிருக்கும். சதுரமாக அடித்தால் இரும்பு மிச்சமாகுமே, ஏன் அப்படிச் செய்யவில்லை?

விடையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடலாம். கையாலும் கண்டுபிடிக்கலாம். இந்த இரண்டாவது வழிக்கு ஒரு கதை உண்டு.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் படிப்பை முடித்த அரவிந்த் குப்தா, பூனாவில் டெல்கோ லாரித் தொழிற்சாலையில் பொறியாளரானார். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் சென்றார். அங்கே 1972இல் 16 கிராமப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் குழுவாகச் சோதனை செய்து, கண்டதை எழுதி, தாங்களே முடிவுக்கு வரவேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்! (உங்கள் முகம் மலர்வது தெரிகிறது. ஆனால் யோசிக்காமல் பார்த்து எழுத அதில் விடை இராது.)

சோதனைக்குச் சாமான்? வாரச்சந்தையில் சைக்கிள் வால்வு டியூப் கிடைத்தது. சிறு துண்டு டியூபின் இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினார்; வளைந்து கொடுக்கும் மூட்டு தயார். 1987இல் இந்த விளையாட்டுகள் புத்தகமாக வந்தன. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஏராளமான பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தையோ 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. விருதைவிட இதுதான் பெரிய செய்தி என்பேன்.

தொழிற்சாலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1951இல் தொழிலாளரிடமே யோசனை கேட்கும் திட்டத்தைத் தொடங்கியது. போல்ட் முடுக்குபவருக்குத்தானே அது எங்கே சிக்குகிறது என்று தெரியும்! இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உருவாகிறது. ஒரகடத்தில் 2012 முதல் லாரி. அங்கே வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் சொன்னதை மட்டும் செய்வார்களா, "இது ஏன் இப்படி?" என்றும் கேட்பார்களா? அந்தப் பழக்கம் இருபது வயதில் திடீரென்று வராது.

சரி, வேலையைத் தொடங்குவோம். பெரியவர் உதவியுடன் தீக்குச்சிகளின் மருந்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மூன்று குச்சி, மூன்று துண்டு டியூப்: முக்கோணம். அழுத்துங்கள், உருவம் மாறாது. பக்கங்களின் நீளம் நிலையாக இருந்தால் அதன் கோணங்களும் மாற வழியில்லை. நாலு குச்சியில் சதுரம் செய்து லேசாகத் தள்ளுங்கள். சாய்சதுரமாகிச் சரிந்துவிடும்! எதிரெதிர் மூட்டுகளில் ஊசியால் துளையிட்டு, குறுக்கே ஓர் ஈர்க்குச்சியைச் செருகுங்கள். சதுரம் இரண்டு முக்கோணமாகி அசையாமல் நிற்கும்.

ஐங்கோணத்துக்கு எத்தனை ஈர்க்குகள் வேண்டும்? அறுகோணத்துக்கு? செருகிப் பார்த்து எண்ணுங்கள்.