மிதக்கும் ரெயில் சரக்கு சுமக்குமா?

தரையைத் தொடாது. புகை விடாது. ஆனால் மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அப்படியும் ஒரு ரெயில் உண்டு!

இது மாய மந்திரம் அல்ல. காந்தத்தின் வேலை.

2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜப்பானில் நடந்த சோதனை ஓட்டத்தில், காந்த ரெயில் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. சீனாவில் ஷாங்காய் நகருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே 2004-ம் ஆண்டு முதல் காந்த ரெயில் ஓடுகிறது. தூரம் சுமார் 30 கிலோமீட்டர்.

இவற்றில் மனிதர்கள் போகிறார்கள். கப்பலில் வந்த சரக்கை இதில் ஏற்றி, நாடு விட்டு நாடு அனுப்பினால் என்ன? விஞ்ஞானிகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வடம்

காந்த ரெயில் எப்படி ஓடுகிறது? பழனி மலைக்கு வின்ச்சில் ஏறிப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

வின்ச் பெட்டிக்குள் என்ஜின் கிடையாது. மோட்டார் நிலையத்தில் இருக்கிறது. இரும்பு வடம் பெட்டியை இழுக்கிறது.

ஷாங்காய் ரெயிலிலும் ஓட்டும் சக்தி வெளியில்தான் இருக்கிறது. பாதை நெடுகக் கம்பிச் சுருள்களைப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் மின்சாரம் பாய்ந்ததும், காந்த அலை ஒன்று முன்னே ஓடுகிறது. அந்த அலை ரெயிலை இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத வடம் என்று அதைச் சொல்லலாம்.

ரெயிலைத் தூக்கி நிறுத்துவதும் காந்தம்தான். பாதைக்கும் காந்தத்துக்கும் நடுவே சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி. உராய்வு இல்லை. அதனால்தான் அந்த வேகம்!

சரக்கு ஏன் ஏறவில்லை?

ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், 2021-ம் ஆண்டு கண்டெய்னர் பெட்டியைக் காந்தத்தால் மிதக்க வைத்து ஓட்டிக் காட்டினார்கள். சென்னையை அடுத்த தையூரில், ஐ.ஐ.டி. வளாகத்தில் 422 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் குழாய் அமைத்திருக்கிறார்கள். காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் வண்டியை மிதக்க விட்டு ஓட்டும் முயற்சி அது. ஆனால் துறைமுகத்துச் சரக்கை நாள்தோறும் ஊர் விட்டு ஊர் சுமக்கும் காந்த ரெயில் உலகில் எங்கும் இல்லை.

காரணம் என்ன?

முதலாவது, எடை. சரக்கு நிறைந்த ஒரு கண்டெய்னர் 20 டன்னுக்கு மேலும் இருக்கும். நம் நாட்டு கூட்ஸ் ரெயில் ஒன்றில் 90 சிறிய கண்டெய்னர்களை ஏற்றலாம். சாதாரண ரெயிலில் இரும்புச் சக்கரமே அந்த எடையைத் தாங்கிவிடும். காந்த ரெயிலில் அவ்வளவு எடையையும் காந்தம் தூக்கி நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, செலவு. முழுத் தூரத்துக்கும் தனிப் பாதை போட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். காந்த ரெயில் சாதாரணத் தண்டவாளத்தில் ஓடாது. அதன் பாதை முடியும் இடத்தில் சரக்கை இறக்கி, வேறு வண்டியில் ஏற்ற வேண்டும்.

பாதை மாறிய கதை

இந்தத் தொல்லை நமக்குப் புதிதல்ல. பழனி வழியாக முன்பு மீட்டர் பாதை ரெயில்தான் ஓடியது. மீட்டர் பாதை வண்டி அகலப் பாதையில் ஏறாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டும். நேரமும் போகும், கூலியும் கூடும், பழமும் நசுங்கும். அகலப் பாதை வேலை முடிந்து, 2015-ம் ஆண்டில் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ரெயில் ஓடியபோது அந்தத் தடை நீங்கியது.

கடல் தாண்டியும் இதே கதைதான். 1914-ம் ஆண்டு முதல் 1964-ம் ஆண்டுப் புயல் வரை, தனுஷ்கோடியில் ரெயிலை விட்டு இறங்கி, கப்பலேறி, தலைமன்னாரில் வேறு ரெயில் பிடித்தார்கள். இங்கே மீட்டர் பாதை. இலங்கையிலோ அகலப் பாதை!

நேபாளம் காட்டும் வழி

நேபாளத்துக்குக் கடல் கிடையாது. அந்நாட்டுச் சரக்கு கல்கத்தா துறைமுகத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ரெயிலில் சுமார் 700 கிலோமீட்டர் போய், ரக்சால் எல்லையைத் தாண்டி, பீர்கஞ்சில் உள்ள சரக்கு நிலையத்தை அடைகிறது. 2004-ம் ஆண்டு முதல் இப்படி நடக்கிறது. எல்லையின் இரு பக்கமும் ஒரே அகலப் பாதை. அதனால் அங்கே வண்டி மாற்றும் வேலை இல்லை.

அந்த ரெயில் மிதக்கவில்லை. பறக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு நாட்டுக்குக் கடல் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது!

வேகம் மட்டும் போதுமா?

ஆயக்குடிக் கொய்யா பறித்த சில நாளில் கனிந்து குழைந்துவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. அழுகும் பொருளை விளைவிப்பவனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு.

ஒரு மணி நேரத்தில் 600 கிலோமீட்டர் பாய்ந்து வந்த சரக்கு, துறைமுக வாசலில் இரண்டு நாள் காத்துக் கிடந்தால் அந்த வேகத்தால் என்ன பயன்? குளிர்பதனக் கிடங்கு, சரியான நேரத்தில் வண்டி, இடையில் இறக்கி ஏற்றாத பாதை: இவை மூன்றும் இருந்தால் சாதாரண ரெயிலே விவசாயியின் பணத்தைக் காப்பாற்றும்.

காந்த ரெயில் வரட்டும். வரவேற்போம். ஆனால், "எவ்வளவு வேகம்?" என்று கேட்பதற்கு முன்னால், "வழியில் எத்தனை இடத்தில் நிற்கும்?" என்று கேட்போம்!