கட்டுப்பாட்டு வால்வும் அதனைப் பேணும் முறையும்

தோட்டத்துக்குத் துலாவால் நீரிறைத்த காலத்தில், துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், வாய்க்காலில் நின்று மடை மாற்றுபவர் எனப் பலர் வேண்டியிருந்தனர். பாத்தி நிறைந்ததைக் கண்ணாற் கண்டு, மண்வெட்டியால் ஒரு வாயை அடைத்து மற்றொன்றைத் திறப்பது மடை மாற்றுபவரின் வேலை. இக்கால ஆலைகளிலே கட்டுப்பாட்டு வால்வு செய்யுந் தொழிலும் இதுவே. எண்ணெய் சுத்திகரிப்பு நிலையமாயினும் மின்னிலையமாயினும், குழாயினூடு செல்லும் நீராவியையோ எண்ணெயையோ வேண்டிய அளவு அளந்து விடுவது அது.

இத்தொழிலை மனிதன் கையாற் செய்வது எத்துணை வருத்தம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மார்ஷல்டவுன் நகரில் தீப்பற்றியபோது, வில்லியம் பிஷர் என்பவர் நீராவிப் பம்பிகளைக் கையாலேயே திருகித் திருகி, நீரின் அமுக்கம் குன்றாது இரவு முழுவதும் காத்தார். அவ்வனுபவத்தின் பயனாக 1880 இல் அவர் ஒரு தன்னியக்கச் சீராக்கியை அமைத்தார்.

வால்வின் உடலுள் ஓர் இருக்கையும், அதன்மேல் எழுந்து தாழும் அடைப்பானும் உள. அடைப்பானோடு பொருந்திய தண்டு மேலே சென்று றப்பர் மென்றகட்டைச் சேரும். சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 இறாத்தல் வரையான அமுக்கத்துடன் வருங் காற்று மென்றகட்டை அழுத்தும். சுருள்வில் எதிர்த்து நிற்கும். இரண்டும் ஒக்குமிடத்தில் தண்டு நிற்கும். இன்று கட்டளை பெரும்பாலும் 4 முதல் 20 மில்லியம்பியர் மின்னோட்டமாக வருகின்றது. எனினும் வால்வருகே அது காற்றமுக்கமாக மாறியே தண்டை அசைக்கின்றது. காற்று அற்றுப்போயின் சுருள்வில்லே வால்வைத் திறக்கும் அல்லது மூடும். உலைக்கு எரிபொருள் விடும் வால்வு அப்போது மூடிக்கொள்ளல் வேண்டும்; குளிர்நீர் விடுவது திறந்துகொள்ளல் வேண்டும்.

ஆதலின் முதலிற் பேணவேண்டியது காற்றே. ஈரலிப்பு மிகுந்த நாடுகளில் காற்றை அமுக்கிக் குளிர்விக்கும்போது, அதிலுள்ள நீராவி ஒடுங்கி நீராகின்றது. அந்நீர் துருவையும் அழுக்கையும் நுண்டுளைகளிற் கொண்டுபோய்ச் சேர்க்கும். வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து அதனை வடிப்பது ஒரு நிமிட வேலை. அத்துணைச் சிறிய வேலையாதலாலேயே பல இடங்களில் அது விடுபட்டுப்போகின்றது.

அடுத்தது, தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைசல். கசிவைக் கண்டவுடன் சுரையை இறுகத் திருகிவிடுவது எங்குமுள்ள பழக்கம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தண்டு பிடித்துக்கொள்ளும். கட்டளை சிறிது மாறியும் அது அசையாது. அமுக்கம் மேலும் ஏறியபின் திடீரெனத் தாவி, வேண்டிய இடத்தைக் கடந்து நிற்கும். கட்டுப்படுத்துங் கருவி அதனைத் திருப்பி இழுக்கும்; அது மீண்டும் ஒட்டும், மீண்டும் தாவும். ஆலை முழுவதும் ஓயாது அலையும். அறையில் இருப்போரோ கருவியைக் குறைகூறி, அதன் எண்களை மாற்றிக்கொண்டிருப்பர். நோய் ஒரு சுரையிலே கிடக்கும்! முறுக்களவு காட்டுஞ் சாவியொன்றுக்குச் செலவிடும் பணம் வீண்போகாது என்பது என் துணிபு.

இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஓட்டத்தைப் பக்கவழியிற் செலுத்திவிட்டு, கட்டளையை 0, 25, 50, 75, 100 வீதம் என ஏற்றி, அவ்வாறே இறக்கி, ஒவ்வொரு படியிலும் தண்டின் நிலையைக் குறித்தல் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே கட்டளைக்கு நிலை மிக வேறுபடின் உராய்வு மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம். சென்ற முறைக் குறிப்பு இல்லாவிடின் இச்சோதனையின் பயன் பாதியே. வால்வைக் கழற்ற நேரின், இருபுறமும் அடைத்து, உள்ளமுக்கத்தை வெளியேற்றிய பின்னரே கைவைத்தல் வேண்டும். அமுங்கிய சுருள்வில்லைத் தளர்த்தாது மூடியைத் திறப்பது உயிருக்கே கேடாகும்.

குழாயினுள்ளே சரளைக்கல் ஓடுவது போன்ற ஓசை கேட்பின், நீரிற் குமிழிகள் தோன்றி உடைந்து உலோகத்தை அரிக்கின்றன என அறியலாம். அதற்கு இருக்கையைத் தேய்த்துச் சீராக்குவது மருந்தன்று. வால்வின் வகையையோ அளவையோ மாற்றல் வேண்டும்.

வேலை முடிந்தபின் செய்யுஞ் சோதனையையே நான் பெரிதும் வற்புறுத்துவேன். 1979 மார்ச் 28 இல் பென்சில்வேனியாவின் திறீ மைல் ஐலண்ட் அணுமின்னிலையத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே தவறியவை கட்டுப்பாட்டு வால்வுகள் அல்ல. எனினும் பாடம் ஒன்றே. அவசர நீரை விடவேண்டிய இரு வால்வுகள் மூடிக்கிடந்தன. 8 நிமிடங்களின் பின்னரே அது தெரியவந்தது. அமுக்கத்தைத் தணிக்கும் மற்றொரு வால்வு திறந்தபடியே சிக்கி, இரண்டு மணி நேரத்துக்கு மேலாக உலையின் நீரை வெளியேற்றியது. பலகையிலிருந்த விளக்கோ, மூடுமாறு கட்டளை சென்றதைக் காட்டியதேயன்றி, வால்வு மூடியதைக் காட்டவில்லை. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

ஆகவே பக்கவழியை மூடுமுன், அறையில் இருப்பவர் கட்டளையிட, வால்வருகே நிற்பவர் தண்டு அசைவதைத் தம் கண்ணாற் கண்டு சொல்லல் வேண்டும். பதிவேட்டில் இருவருமே ஒப்பமிடல் நன்று.