தோளில் சுமக்கும் வானொலி நிலையம்

சிவகங்கைக்கு அண்மையில் உள்ள நாட்டரசன்கோட்டை, கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலாலும், கவிச்சக்கரவர்த்தி கம்பர் அடங்கிய இடம் எனப் போற்றப்படும் நினைவிடத்தாலும் புகழ் பெற்ற ஊர். இவ்வூரும் இதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் கடல் கடந்த வாணிகத்தால் செழித்தவை. இங்கு வாழ்ந்த நகரத்தார் பலர் பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தினர். அவர் எழுதிய கடிதங்கள் கப்பலேறி வந்து, வீட்டிலிருந்தோர் கவலையைத் தீர்த்தன. 1942ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இரங்கூன் நகரம் சப்பானியர் வசமாயிற்று. இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர். அந்நாளில் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில், ‘உயிரோடு இருக்கின்றார்’ என்னும் ஒரு சொல்லுக்காக முதியோரும் பெண்டிரும் திங்கள் கணக்கில் காத்திருந்தனர்.

போர் மட்டுமே இத்தகைய துயரை விளைவிப்பதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பெருநிலநடுக்கம் தோன்றியது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் தமிழகக் கரையையும் தாக்கியது. தீவுகளில் தொலைபேசித் தொடர்பு அற்றது. அவ்வேளையில் போர்ட் பிளேர் நகரில், பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தலைமையில் வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர் தம் நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தனர். உலகெங்குமுள்ள நண்பர்களோடு உரையாடும் பொருட்டே அவர் அங்குச் சென்றிருந்தனர். ஆயினும், பேரிடர் நேர்ந்தவுடன் அவ்வுரையாடலை விடுத்து, 1,300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பெருநிலத்துக்குத் தீவு மக்களின் நலச்செய்திகளை அனுப்பத் தொடங்கினர். பொழுதுபோக்காகக் கற்ற கலை பலர் துயரைத் துடைத்தது.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியம் கருதாமல், அறிவு வேட்கையாலும் தொண்டு நோக்காலும் தனி மனிதர் நடத்தும் வானொலித் தொடர்பு. இதனை ‘ஹாம் வானொலி’ என்றும் வழங்குவர். நடுவண் அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றோரே இதில் பேசலாம். பள்ளி மாணவரும் அத்தேர்வை எழுதலாம். உரிமம் பெற்ற ஒவ்வொருவர்க்கும் தனி அழைப்புக்குறி உண்டு.

இந்நிலையத்தை வண்டியில் பொருத்தி நடத்துவோர் உளர். ஆனால் பாலம் உடைந்த இடத்திலும் வயல் நீரில் மூழ்கிய இடத்திலும் வண்டி செல்லாது, மனிதன் செல்வான். ஆகவே, ஒருவர் அல்லது இருவர் தோளில் சுமந்து சென்று அமைக்கத்தக்க நிலையமே இடர்க்காலத்தில் பெரிதும் பயன்படும். வண்டியை விட்டு நீங்கினால் அதன் மின்கலமும் இல்லை. வேண்டிய கருவிகளை எல்லாம் ஏற்றிச் செல்லும் வசதியும் இல்லை. எனவே, எதனை எடுத்துச் செல்வது, எதனை விடுவது என்பதை முன்னரே ஆராய்தல் வேண்டும். கருவி, மின்கலம், ஆன்டெனாக் கம்பி, இணைப்பு வடம், கயிறு, குறிப்பேடு, எழுதுகோல், குடிநீர் ஆகியவை இன்றியமையாதவை.

நாட்டரசன்கோட்டைக்குப் புறத்தே, ஒரு கண்மாய்க் கரையில் மாணவர் சிலர், உரிமம் உடைய ஆசிரியரோடு ஒரு நிலையம் அமைப்பதாகக் கொள்வோம். அவர் முதலில் நோக்க வேண்டுவது மின்வாரியக் கம்பி அருகில் உள்ளதா என்பதே. ஆன்டெனாக் கம்பி அறுந்து எப்பக்கம் வீழ்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத அளவு விலகிய இடத்தையே தேர்தல் வேண்டும். இடி முழக்கம் கேட்குமாயின், மழைக்குக் காத்திராது கம்பியை இறக்கிவிட்டு, மரத்தடியை நீங்கிப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் செல்லுதல் வேண்டும்.

அடுத்து ஆன்டெனாவின் நீளத்தைக் கணக்கிடுதல் வேண்டும். 300 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸில் கூறப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால், அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அஃது ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதி 21 மீட்டர். கம்பியில் அலை சற்றே மெதுவாகச் செல்வதால் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, 20 மீட்டர் எனக் கொள்ளலாம். இதனை நடுவில் துண்டித்துப் பத்துப் பத்து மீட்டர் கொண்ட இரு கைகளாக்கி, நடுவில் வடத்தை இணைப்பர்.

சிறு பையில் மணலை நிரப்பி மெல்லிய கயிற்றில் கட்டி, வேப்பமரக் கிளையின்மேல் எறிந்தால் கயிறு மறுபுறம் இறங்கும். அக்கயிற்றால் கம்பியின் நடுப்பகுதியை எட்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, இரு முனைகளையும் கூரைச் சரிவுபோல இருபுறமும் தாழ்த்திக் கயிற்றால் கட்டுவர். செலுத்தும்போது முனைகளில் மின்னழுத்தம் மிகும். ஆதலால் அவை எவர் கைக்கும் எட்டாதவாறு இரண்டரை மீட்டர் உயரத்தில் நிற்றல் வேண்டும். முனைக்கும் கயிற்றுக்கும் இடையே மின் கடத்தாப் பொருள் இருத்தல் வேண்டும். பின்னர் அளவுமானியை இணைத்து, அனுப்பிய ஆற்றல் மீண்டு வருகிறதா எனப் பார்த்து, கம்பியின் முனையைச் சிறிது மடித்தோ நீட்டியோ திருத்துவர்.

இவ்வளவு தாழ்ந்த கம்பி தொலைவில் எவ்வாறு கேட்கும் என ஐயுறலாம். வானத்தின் மேற்பகுதியில் அயனி மண்டலம் என்னும் அடுக்கு உள்ளது. தாழக் கட்டிய கம்பியினின்று நேர்மேலே எழும் அலைகள் பகற்பொழுதில் அவ்வடுக்கில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழைபோல இறங்கும். ஆகவே மதுரையும் சென்னையும் கேட்க வாய்ப்பு உண்டு. கடல் கடந்த தொலைவுக்கு 14 மெகாஹெர்ட்ஸ் முதலிய உயர்ந்த அதிர்வெண்கள் பகலில் ஏற்றவை.

மின்கலத்தையும் கணக்கிட்டே செலவிடல் வேண்டும். ஐந்து வாட் ஆற்றலுடைய கருவி, கேட்கும்போது அரை ஆம்பியரும் பேசும்போது இரண்டு ஆம்பியரும் கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரம் கேட்டு, ஒரு மணி நேரம் பேசினால் நாலரை ஆம்பியர்-மணி செலவாகும். ஏழு ஆம்பியர்-மணி மின்கலம் அதற்குப் போதும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆகும் மின்சாரத்தைக் கொண்டு நான்கு மணி நேரம் கேட்கலாம் என்பதும் இதனால் விளங்கும். பேச்சு எட்டாத இடத்துக்கும் அதே ஐந்து வாட் கொண்டு மோர்ஸ் குறிகள் எட்டும்.

நிலையம் அமைந்ததும் உடனே பேசலாகாது. முதலில் கேட்டல் வேண்டும். அவ்வதிர்வெண்ணில் பிறர் பேசிக்கொண்டிருப்பின், குறுக்கிடுதல் பிழை. இடர்ச்செய்தி செல்லுங்காலத்திலோ அது பெரும்பிழை. செய்தியைக் காகிதத்தில் எழுதி, நேரமும் அனுப்புவோர் பெயரும் பெறுவோர் பெயரும் குறித்து, பின்னரே படித்தல் வேண்டும். பெறுபவர் அதனைத் திருப்பிப் படித்துக் காட்டுதல் வேண்டும். இரைச்சலினூடே ‘கமலன்’ என்பது ‘விமலன்’ என்று கேட்கக்கூடும். ஓர் எழுத்து மாறினால் ஒரு வீட்டில் பொய்யான மகிழ்ச்சியும், மற்றொரு வீட்டில் காரணமற்ற அழுகையும் நிகழும். ஆதலால் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லுதல் மரபு.

செய்தி கூறும் முறைக்கு நாட்டரசன்கோட்டையில் நினைவு கூரப்படும் கம்பரே நல்ல வழிகாட்டி. வாகனம் ஏதுமின்றிக் கடல் கடந்து சென்று மீண்ட அனுமனைச் ‘சொல்லின் செல்வன்’ என்று போற்றுகிறது அவர் காவியம். இராமன் எச்செய்திக்காக ஏங்கி நின்றானோ, அச்செய்தியையே அனுமன் முதற்கண் கூறினான். சீதையைக் கண்டதைச் சொல்லித் துயரைத் தணித்த பின்னரே ஏனையவற்றை விரித்தான். வானொலியில் பேசுவோரும் ‘நலமாக உள்ளார்’ என்பதை முதலில் கூறி, மற்றவற்றைப் பின்னர்க் கூறுவாராயின், இடையில் தொடர்பு அறுந்தாலும் கேட்டவர் உள்ளம் ஆறும்.

கருவியை விலை கொடுத்து ஒரு நாளில் வாங்கிவிடலாம். கணக்கும் முடிச்சும் பொறுமையாகக் கேட்கும் பழக்கமும் ஒரு நாளில் வாரா. பேரலை எழுந்த பின் கயிறு எறியப் பழகுதல் இயலாது. நல்ல நாளில் கண்மாய்க் கரையில் விளையாட்டாகப் பழகியோரே, அல்லல் வந்த நாளில் ஒரு குடும்பத்தின் காத்திருப்பை முடித்து வைப்பர்.