உப்புவெளிக் கரையில் அயனச் சூரியோதயம்

திருகோணமலை நகரின் வடபாலுள்ள உப்புவெளிக் கடற்கரை கிழக்கு நோக்கியது. தென்கிழக்கே கோணேசர் எழுந்தருளிய சுவாமிமலை தோன்றும். மற்றைக் கீழ்த்திசை பெரும்பாலும் நீர்ப்பரப்பே. ஜூன் மாதத்தில் நாட்டின் மேற்குப்புறம் பருவமழையில் நனைய, இங்கே வறண்ட கச்சான் வீசும். ஆதலின் ஜூன் 21 ஆம் நாள் வைகறையில் மாணாக்கர் குழுவாக நடந்து சென்று, சூரியன் வடதிசைச் செலவை முடித்துத் திரும்பும் உதயத்தைக் காண்பதற்கு இது மிக ஏற்ற இடமாகும்.

அன்று சூரியன் நேர்கிழக்கினின்று ஏறக்குறைய 23.7 பாகை வடக்கே விலகி, காலை 5.48 மணியளவில் எழும். பகல் 12 மணி 37 நிமிடமே நீளும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் காணும் அதே உதயம் 40 பாகையளவு விலகி நிகழ்வது. பகலும் பதினாறரை மணிக்கு மேற்படும். அங்குள்ளார்க்குப் பகலின் நீட்சியே அந்நாளை உணர்த்திவிடும். இலங்கையிலோ உதயத்தின் இடத்தை ஊன்றி நோக்கியே அதனை அறிதல் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். தட்சிணாயனம் ஆடி முதல் நாளில், அஃதாவது ஜூலை 17 ஆம் நாளளவில், தொடங்குவதாகவே பஞ்சாங்கங்கள் கூறும். கண்ணும் பஞ்சாங்கமும் ஏறக்குறைய நான்கு வாரம் மாறுபடுவது ஏன்? பஞ்சாங்கங்கள் இராசிகளை விண்மீன்களைக் கொண்டு வகுக்கின்றன. பூமியின் அச்சோ பம்பரத்தின் தலைபோல் மெல்லச் சுழல்வது. அதனால் அயனத் தொடக்கம் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகையாகப் பின்வாங்குகிறது. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்த கடக சங்கிராந்தியும் சூரியன் திரும்பும் நாளும் இன்று 24 பாகை பிரிந்து நிற்கின்றன.

இதனை மேனாட்டார் கண்டு சொன்ன குறையென்று கருதுவது தவறு. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர், முற்காலத்தில் ஆயிலியத்தின் நடுவே தொடங்கிய தட்சிணாயனம் தம் காலத்தில் கடகத்தின் தொடக்கத்தில் நிகழ்வதைப் பிருகத் சங்கிதையில் குறித்துள்ளார். ஐயமுறுவோர் தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தைக் கொண்டு உதயத்தையேனும் அத்தமனத்தையேனும் நோக்கித் தெளிக என்பதும் அவர் காட்டிய வழியே.

கடலில் அடையாளம் ஏது? அலை எட்டாத மேட்டில் ஒரு கழியை நாட்டி, நாற்பதடி தள்ளி மற்றொன்றை உதயசூரியனோடு ஒரே கோட்டில் அமைய நிறுத்தினாற் போதும். ஒரு நாட் காட்சி மட்டும் எதனையும் மெய்ப்பிக்காது. ஜூன் 21 இலிருந்து ஒரு வாரம் முன்னோ பின்னோ உதயம் பெயர்வது சூரிய வட்டத்தின் மூன்றிலொரு பங்கே. மார்ச்சிலோ ஒரே நாளில் முக்கால் வட்டம் பெயர்ந்துவிடும். ஆகவே குழுவினர் ஆடி முதல் நாளன்றும் வைகறையில் நடந்து வருதல் வேண்டும். சூரியன் அக்கழிகளின் கோட்டுக்குத் தெற்கே நான்கு வட்ட அகலத்துக்கு மேல் விலகி எழுவதை அன்று காண்பர்.

1957 மார்ச் 22 இல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி ஆஷாட மாதத்தை ஜூன் 22 இல் தொடங்குகிறது. ஆலய விழாக்கள் பழைய கணிப்பையே தழுவி நடைபெறுகின்றன. மறுமுனையாகிய டிசம்பர் உதயத்தையும் குறித்துவைக்க விழைவோர்க்குப் பொறுமை வேண்டும். அக்காலத்தில் வாடைக்காற்றின் மேகம் கீழ்வானைப் பலநாள் மூடியிருக்கும்.