வீட்டு பீரில் வெண்ணெய் வாடை

அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு பீர் காய்ச்சிக்கொள்ள மத்திய அரசின் சட்டம் வழிவிட்டது 1978-இல். அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அந்தச் சட்டப்படி, வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், அதற்கு மேற்பட்டவர்கள் இருந்தால் 200 காலன் வரை வரி கிடையாது. விற்கத்தான் கூடாது. அன்றிலிருந்து அங்கே புதிதாகக் காய்ச்சத் தொடங்குகிறவர்களின் புலம்பல் ஒன்றே ஒன்றுதான்: 'எல்லாம் சொன்னபடிதான் செய்தேன், ஆனால் ருசி சரியில்லை.'

உடனே பக்குவக் குறிப்பின் மேல் சந்தேகம் வருகிறது. அடுத்த முறை மால்ட்டை மாற்றுகிறார்கள், ஹாப்ஸைக் கூட்டுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. பீரை உண்டாக்குவது ஈஸ்ட். அதற்கு என்ன குறை வைத்தோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வெண்ணெய் வாடையையே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் டையசெட்டைல். நொதித்தலின் தொடக்கத்தில் ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் மெல்ல டையசெட்டைலாக மாறுகிறது. கடைசிக் கட்டத்தில் அதே ஈஸ்ட் அதை உறிஞ்சி அழித்தும் விடுகிறது. குமிழி அடங்கியதும் அவசரப்பட்டுக் குளிரூட்டினால் ஈஸ்ட் உறங்கிவிடும், வெண்ணெய் தங்கிவிடும். பாட்டிலில் அடைக்குமுன் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுத்து மூடுங்கள். ஒன்றை 60, 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, பிறகு ஆறவிடுங்கள். இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் பாப்கார்ன் வெண்ணெய் மணந்தால், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான இடத்தில் மேலும் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பச்சை ஆப்பிள் வாடைக்கும் மருந்து இதே பொறுமைதான்.

வெப்பம் இன்னொரு பெரிய காரணம். ஏல் வகை ஈஸ்ட்களில் பலவற்றுக்கு 18 முதல் 20 டிகிரி பொருந்தும். ஆனால் நொதிக்கும்போது வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி சூடு ஏறும். அறையின் வெப்பமானியை நம்பிப் பயனில்லை. சூடு மிஞ்சினால் பெயின்ட் கரைப்பான் போன்ற காரம் வரும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உறைந்த தண்ணீர் பாட்டில்களைப் போட்டாலே போதும். சூட்டில் வாழைப்பழ மணமும் வரலாம்; பவேரியாவின் கோதுமை பீரில் அது விரும்பி வரவழைப்பது. வேறு பல பீர்களில் அதுவே குறை.

பிளாஸ்திரி வாடை அடித்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின், மால்ட்டிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வரும் பீனால்களோடு சேர்ந்து உண்டாக்குவது அது. குளோரின் கொதித்தால் போய்விடும்; பல அமெரிக்க நகரங்களில் கலக்கும் குளோரமின் எளிதில் போகாது. அதையும் நீக்கும் கேம்டன் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 20 காலன் தண்ணீருக்குப் போதும்.

நனைந்த அட்டைப்பெட்டி மணம் என்றால் காற்று புகுந்திருக்கிறது. தொடக்கத்தில் ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேண்டும்; நொதித்து முடிந்தபின் அதுவே பகை. ஆகவே பாட்டிலில் ஊற்றும்போது தளும்பாமல், குழாய் வழியாக அடியிலிருந்து நிரப்புங்கள். ஸ்கங்க் நாற்றம் வெயில் பட்டதால் வருவது. பழுப்பு பாட்டில் காக்கும், பச்சை பாட்டில் காக்காது.

கடைசியாகக் கிருமி. 1871-இல் லண்டன் மதுவாலை ஒன்றில் கெட்ட பீரை நுண்ணோக்கியில் பார்த்த லூயி பாஸ்டர், ஈஸ்டோடு அந்நிய உயிர்களும் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். வெண்ணெயோடு புளிப்பும் நாளுக்கு நாள் ஏறினால் அதுதான் நடந்திருக்கிறது. பொறுத்திருந்து பலனில்லை, கொட்டிவிடுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியையும் பழைய ரப்பர் குழாயையும் கழுவிக்கொண்டிராமல் புதிதாக வாங்குங்கள். கிருமி புகுந்த பீர் ஏற்கெனவே பாட்டிலில் இருந்தால் அழுத்தம் கூடிக் கண்ணாடி வெடிக்கவும் கூடும். நன்றாகக் குளிர வைத்து, துணி சுற்றித் திறவுங்கள்.