இடது கையால் கதவைத் திறங்கள்

சைக்கிள் பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட்டும், ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசைகட்டிப் பறக்கும் விலை உயர்ந்த சைக்கிள்களும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவற்றை ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர், தி.நகர் அடுக்குமாடியில் இரவுக் காவல் முடித்து மாம்பலத்துக்குத் திரும்புகிற வாட்ச்மேன், அடையாறு காந்தி நகரில் விடியுமுன் பேப்பர் போடுகிற பையன் இவர்களெல்லாம் யார் கணக்கில் வருகிறார்கள்? இவர்களுக்குச் சைக்கிள் பிழைப்பு.

பின்னால் வரும் பஸ்ஸையும் தண்ணீர் லாரியையும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். என்னை உறுத்துவது நிற்கிற கார்.

வடக்கு மாட வீதியையோ உஸ்மான் சாலையையோ எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரம் முழுக்க வண்டிகள் நிற்கின்றன. சைக்கிள்காரர் நிற்கும் காருக்கும் ஓடும் பஸ்ஸுக்கும் நடுவே கிடைக்கிற சந்தில்தான் போயாக வேண்டும். நம் ஊர்க் காரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அவர் செல்போனைப் பார்த்தபடி கதவைத் தள்ளினால் அது ஏறக்குறைய மூன்றடி அந்தச் சந்துக்குள்ளேயே நீளும். கதவில் மோதினால் எலும்பு முறியலாம். மோதாமல் தப்பிக்க ஹேண்டில்பாரை வலப்பக்கம் ஒடித்தால் நேரே பஸ் சக்கரம். அப்புறம் பஸ் டிரைவர் மேல் வழக்கு வரும். கதவைத் திறந்தவர் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்ப்பார். சிக்னலில் நிற்கும் டாக்ஸியிலிருந்து இடப்பக்கம் சட்டென்று இறங்கும் பயணியாலும் இதே கதைதான்.

2023 நவம்பரில் சென்னைக்கு வேக வரம்பு புதிதாக வகுக்கப்பட்டது. குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர். நல்லதுதான். ஆனால் நிற்கும் காரின் வேகம் பூஜ்யம். எந்தக் கேமராவும் அதைப் பிடிக்காது.

நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் முன்னிறுத்தும் போக்குவரத்துக் கொள்கையைச் சென்னை 2014-லேயே ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் அகல நடைபாதைகள் திறக்கப்பட்டன. நடப்பவர்களுக்கு விடிவு காலம் வந்தது. சைக்கிளுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. இப்போது லஸ், மந்தைவெளி, பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்கான தடுப்புகள் வேறு சாலையைக் குறுக்கிவிட்டன. தடுப்பை எப்படியும் ஒருநாள் எடுத்துவிடுவார்கள், ஓரத்தில் நிற்கும் கார்களை யார் எடுப்பார்கள்?

சைக்கிள்காரர்களும் ஒன்வேயில் எதிரே வருகிறார்கள், ராத்திரியில் விளக்கில்லாமல் ஓட்டுகிறார்கள் என்பார்கள் கார்க்காரர்கள். உண்மைதான். அதற்காக எலும்பு முறிய வேண்டுமா?

நெதர்லாந்தில் ஓட்டுநருக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவுக்கு அருகில் இருக்கும் கையால் அல்லாமல் மறுகையால் கதவைத் திறப்பது. அப்படிக் கை நீட்டும்போது உடம்பு தானாகத் திரும்புகிறது. சைடு மிரரும் பின்னால் வரும் சைக்கிளும் கண்ணில் படுகின்றன. பிரிட்டன் தன் சாலை விதி நூலில் 2022 ஜனவரியில் இந்தப் பழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. இதற்குத் தனிப் பாதை வேண்டாம், டெண்டர் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போடக் கற்றுத்தரும் நாட்டில் இதைக் கற்றுத்தர ஐந்து நிமிடம் போதும்.

அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தருகிறோம். அதை ஓட்டிக்கொண்டு மகள் எல்.பி. ரோட்டைக் கடந்து பள்ளிக்குப் போக எத்தனை அம்மாக்கள் நிம்மதியாகச் சம்மதிப்பார்கள்?

ஆகவே கார் வைத்திருப்பவர்களே, இன்றைக்கே பழகிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தால் இடது கையால் திறங்கள். டாக்ஸியில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் வலது கையால். திறக்கும் முன் ஒருமுறை பின்னால் பாருங்கள்.