வண்டிகளின் வழிக்கணக்கு

ஓரூருக்குப் பொருள் கொண்டு செல்வது எளிது. பல ஊர்களுக்குச் சில வண்டிகளைக் கொண்டு பங்கிடுவதே அரிது. பத்து ஊர்களை ஒரு லொறி சுற்றி வரத்தக்க ஒழுங்குகள் மட்டும் 3,628,800 ஆகும். இவற்றுள் நல்லதைத் தேரும் வகையினை, பெற்றோல் ஏற்றும் லொறிகளை முன்னிட்டு, 1959 இல் டான்ட்சிக், ராம்சர் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். 1964 இல் கிளார்க், ரைட் என்போர் எளியதொரு முறையை வகுத்தனர். அதனை நம்மூரில் வைத்துக் காண்போம்.

தண்ணீரூற்றிலுள்ள பண்டசாலையொன்றிலிருந்து குமுழமுனை 8 கிலோமீற்றர், அளம்பில் 10, அவ்விரண்டுக்கும் இடையே 4 எனக் கணக்கின் பொருட்டுக் கொள்வோம். தனித்தனியே சென்று மீண்டால் 36 கிலோமீற்றர். ஒரே சுற்றில் இணைத்தால் 22. மிச்சம் 14. இவ்வாறே ஒவ்வோர் ஊரிணைக்கும் மிச்சத்தைக் கண்டு, மிகுதியானதை முதலில் இணைத்து, லொறி தாங்கும் பாரம் நிறையுமட்டும் சுற்றினை நீட்டிச் செல்லல் வேண்டும். முறை இவ்வளவே.

ஆயின், மாரியில் நிலை வேறு. குளம் வான் பாய்ந்து இடைவழி அடைபடின், பண்டசாலைக்கு மீண்டே மற்றையூருக்குச் செல்லல் வேண்டும். அப்பொழுது மிச்சம் ஒன்றுமில்லை. கோடையில் எழுதிய கணக்கை மார்கழியில் நம்பிய லொறி வெள்ளத்தின் முன் நிற்கும். அரிசிக்கும் மருந்துக்கும் காத்திருப்போர் காத்தேயிருப்பர்.

2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாம் 14 கிலோமீற்றரின் அருமையை அறிவோம். ஆதலின், கணக்கெழுதுவோர் பாதையறிந்த சாரதியைக் கேட்டெழுதுவாராக.